கடல் மட்டத்திற்குச் சாட்சி யார்?

கடலூர்த் துறைமுகச் சந்திப்பிலிருந்து புறப்படும் பயணிகள் வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என நின்று நின்று சிதம்பரம் சேரும். வழியில் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆயினும் அதன் உப்புக் காற்று இடப்புறச் சன்னல்கள் வழியே வந்துகொண்டே இருக்கும். 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், துறை மாணவர்களைப் பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளைக் காட்ட அழைத்துச் சென்றபோது இவ்வண்டியில்தான் பயணம் செய்தோம். சிதம்பரத்தில் இறங்கியதும் மாணவர் ஒருவர் நிலையத்தின் மஞ்சள் பலகை முன் நின்றுவிட்டார். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் எனச் சிறிய எழுத்தில் குறித்திருந்தது.

“ஐயா, கடல் மட்டம் என்று எழுதியிருக்கிறார்களே, அது எந்தக் கடலின் மட்டம்? காலையில் இருந்த கடல் மாலையில் இல்லையே!” என்றார் அவர்.

யாம் தமிழ் பயிற்றுபவர். நெய்தல் திணையின் முதற்பொருள், கருப்பொருள் பற்றி வினவியிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்போம். இவ்வினாவிற்கோ விடை தெரியவில்லை. “அரசு அளந்து வைத்திருக்கிறது, தம்பி” என்று மழுப்பிவிட்டு நடந்தோம். அம்மாணவர் மரியாதை கருதி மேலும் கேட்கவில்லை. ஆயின் அவ்வினா, ஒரு மாதம் கழித்து எம் வீட்டு வாயிலுக்கே வந்து நிற்கும் என அன்று யாம் எண்ணவில்லை.

எம் முன்னோர் வாழ்ந்த வீடு பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றோடு கலக்கும் உப்பங்கழி ஒன்றின் ஓரத்தில் உள்ளது. கொல்லைப்புறத்தில் பாட்டனார் காலத்தில் தோணி கட்டிய கருங்கல் தூண் ஒன்று நீரில் நிற்கிறது. எம் தந்தையார் சபர் சென்று பினாங்கில் ஒரு துணிக்கடையில் நெடுங்காலம் உழைத்தவர். அளவுகோலைக் கையில் எடுத்தால் வாடிக்கையாளருக்கு ஒரு விரற்கடை கூடுமேயன்றிக் குறையாது என்று பெயர் பெற்றவர். ஊர் திரும்பி, 1992-ஆம் ஆண்டு கொல்லைச் சுவரைக் கட்டியபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. ஆண்டுதோறும் பராஅத் இரவில் இஷாத் தொழுகை முடித்து, ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில், கல்லின் உச்சிக்கும் நீருக்கும் இடையே எத்தனை விரற்கடை உள்ளது என அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். ஷஅபான் மாதத்தின் பாதி இரவாதலின் அன்று நிலவு முழுமையாக இருக்கும்; ஓதமும் மிகுந்திருக்கும். முதலாண்டு லாந்தர் விளக்கைப் பிடித்து நின்றவர் யாமே. அப்போது எமக்கு வயது பன்னிரண்டு.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஹிஜ்ரி 1445-ஆம் ஆண்டின் பராஅத் இரவில், அக்குறிப்பேட்டில் முப்பத்து நான்காம் குறிப்பு எழுதப்பட்டது. வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் எம் தமையனார் அவ்வமயம் விடுப்பில் வந்திருந்தார். அவர் முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1992-இல் நீர் நின்ற இடத்தைவிட இப்போது ஏழு விரற்கடை மேலே நின்றது. “வாப்பாவின் கணக்கே சொல்கிறது, கடல் வருகிறது. வீட்டை விற்றுவிடுவோம். சகோதரிகள் இருவருக்கும் உரிய பங்கையும் இப்போதே கொடுத்துவிடலாம்” என்றார். வாங்குவதற்கு வெளியூர் அன்பர் ஒருவரும் அணியமாக இருந்தார். தமையனார் மேலும் ஒன்று சொன்னார்: “குறிப்பேட்டை அவரிடம் காட்ட வேண்டியதில்லை.”

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “குறையை மறைத்து விற்ற பணம் பிள்ளைகளுக்கு ஆகாது, தம்பி. சொல்லித்தான் விற்க வேண்டும்” என்றார். அத்தோடு எம் பக்கம் திரும்பி, “ஆனால் எதைச் சொல்வது? ஏழு விரல் என்று சொன்னால் அது உண்மைதானா? கூட்டிச் சொல்வதும் பொய்தானே? நீர் படித்தவர், விசாரித்துச் சொல்லும்” என்றார். அளவையில் மோசம் செய்வோரைக் குறித்துத் திருமறையில் தனி அத்தியாயமே உண்டு. அதனைச் சிறு வயதில் எமக்கு ஓதிக்கொடுத்தவரும் அவரே. இப்போது தட்டிக்கழிக்க வழியில்லை. மஞ்சள் பலகையின் முன் மழுப்பிய ஆசிரியர், தந்தையின் முன் மழுப்ப இயலவில்லை.

இயற்பியல் துறையில் எமக்கு நண்பர் ஒருவர் உளர். அவரிடம் குறிப்பேட்டைக் காட்டினோம். அவர் முதலில் மாணவரின் வினாவிற்கு விடை சொன்னார். கடல் மட்டம் என்பது ஒரு நாளின் மட்டமன்று. துறைமுகங்களில் ஓதமானி என்னும் கருவியை நிறுவி, ஏற்றத்தையும் வற்றத்தையும் இடைவிடாது பதிந்து, பல ஆண்டுகளின் சராசரியைக் காண்பார்கள். திங்களின் பாதை ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சுற்றை நிறைவு செய்வதால், செம்மையான சராசரிக்கு அத்துணை ஆண்டுப் பதிவு வேண்டும். இந்திய நில அளவைத் துறையினர், சென்னையும் நாகப்பட்டினமும் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் ஓதப் பதிவுகளைக் கொண்டே 1909-ஆம் ஆண்டளவில் நாட்டின் உயரங்களுக்கெல்லாம் அடிப்படை வகுத்தனர். சிதம்பரம் பலகையின் எண்ணும் அந்த மரபில் வந்ததே.

அடுத்து நண்பர் குறிப்பேட்டின் பக்கங்களைப் புரட்டினார். அளவுகள் ஒரே சீராக ஏறவில்லை. 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் நீர் மிக உயர்ந்து நின்றது. 2021-இல் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. அவ்வாண்டுகளில் தந்தையார் கடல் பின்வாங்குவதாகவே கருதினார். நண்பர் சிரித்து, “இது கடலின் குழப்பமன்று; நாட்காட்டியின் குழப்பம்” என்றார். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. எனவே பராஅத் இரவு ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. நம் சோழமண்டலக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் பாய்ந்து, ஆற்று நீர் கலந்த இலேசான கடல்நீரைக் கரையோரமாகச் சேர்க்கிறது. அதனால் அப்போது மட்டம் உயர்கிறது. கோடைத் தொடக்கத்தில் தாழ்கிறது. 1999-இலும் 2000-இலும் பராஅத் நவம்பரில் வந்தது. 2021-இல் மார்ச்சில் வந்தது. நவம்பர்க் கடலையும் மார்ச்சுக் கடலையும் ஒப்பிடுவது, பெருநாள் அன்று ஒருவன் செய்த செலவையும் மறுநாள் செய்த செலவையும் ஒப்பிடுவது போன்றதாகும்.

ஆயின் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம். எனவே 1412-ஆம் ஆண்டின் பராஅத்தும் 1445-ஆம் ஆண்டின் பராஅத்தும் பிப்ரவரித் திங்களிலேயே அமைந்தன. தமையனார் அறியாமலே சரியான இரு பக்கங்களைத்தான் ஒப்பிட்டிருக்கிறார். “அப்படியாயின் ஏழு விரற்கடை உண்மைதானா?” என்று கேட்டோம். நண்பர் உடனே விடை கூறவில்லை. “கல்லுக்குச் சாட்சி யார்?” என்று எம்மையே திருப்பிக் கேட்டார். அதனை விளக்கும்பொருட்டே அவர் எம்மை இலட்சத்தீவின் கவரத்திக்கு அழைத்துச் சென்றார். உடலால் அன்று, சொல்லால்.

கவரத்தி, அரபிக் கடலின் நடுவே உள்ள சின்னஞ்சிறு பவளத்தீவு, இலட்சத்தீவுகளின் தலைநகர். 36 தீவுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரே. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மரச் செதுக்கு வேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்ற உஜ்ராப் பள்ளிவாசல் அங்குள்ளது. கடலிலிருந்து சில மீட்டர் உயரமே கொண்ட இத்தீவுகளுக்குக் கடல் மட்டம் என்பது பலகையில் எழுதும் எண் அன்று. வாழ்வா சாவா என்னும் எண். பங்காரம் பவளத்திட்டைச் சேர்ந்த பராலி என்னும் ஆளில்லாத் தீவொன்று, 1968-இல் 0.032 சதுர கிலோமீட்டர் இருந்தது, முற்றிலும் அரிக்கப்பட்டு மறைந்ததை 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அரிப்பிற்கு அலை, மணல் நகர்வு, பவளப்பாறையின் நலிவு எனப் பல காரணங்கள் உண்டு. கடலின் உயர்வு அவற்றுள் ஒன்று.

கடலின் உயர்வை இன்று விண்ணிலிருந்து அளக்கிறார்கள். 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் அமெரிக்காவும் பிரான்சும் இணைந்து டோபெக்ஸ்–பொசைடன் என்னும் துணைக்கோளை ஏவின. எம் தந்தையார் லாந்தர் வெளிச்சத்தில் முதற்குறிப்பு எழுதி ஆறு திங்களே ஆகியிருந்தன. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது கடலை நோக்கி ரேடார் அலையை அனுப்பும். அலை நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணிக்கும். போய்வர ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. மூன்று சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமெனில், ஒரு விநாடியை 500 கோடிக் கூறாக்கி அதில் ஒரு கூறு வரை பிழையின்றி அளக்க வேண்டும். அத்தோடு முடிவதில்லை. காற்றின் ஈரம் அலையைத் தாமதிக்கச் செய்து சில பத்து சென்டிமீட்டர் வரை பிழை தரும். அதைக் கழிக்க வேண்டும். ஓதத்தைக் கழிக்க வேண்டும். துணைக்கோள் அந்நொடியில் பூமியின் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கடலும் நாம் எண்ணுவது போல் சமதளமன்று. பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே அளவில் இல்லாமையால் கடற்பரப்பிலும் மேடும் பள்ளமும் உண்டு. உலகிலேயே மிக ஆழமான அத்தகைய பள்ளம் நம் அண்டையில்தான், இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ளது. பூமியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டால், அங்கே கடற்பரப்பு ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது. அதன் மேல் செல்லும் மாலுமிக்கு இறக்கமும் தெரியாது, ஏற்றமும் தெரியாது. அத்தகைய பரப்பில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மாற்றத்தைக் காண முயல்வதுதான் இவ்வளவையின் அருமை.

இத்துணை நுட்பமான கருவி பொய் சொல்லாது என்பதற்கு யார் பொறுப்பு? இவ்விடத்தில்தான் கவரத்தி வருகிறது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் பிரான்சு நாட்டு விண்வெளி அமைப்பும் இணைந்து சரல் என்னும் துணைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. அதிலிருந்த ஆல்டிகா என்னும் ரேடார், அதுவரை இவ்வளவைக்குப் பயன்பட்டவற்றைவிடக் குறுகிய அலையைக் கையாண்டது. அதனால் கரையை ஒட்டிய நீரையும் தெளிவாகக் காணவல்லது. அதனைச் சோதிக்க அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் தேர்ந்த இடம் கவரத்தி. தீவில் ஓதமானியும், ஜி.பி.எஸ். ஏற்பியும், வானிலைக் கருவிகளும் அமைத்தனர். துணைக்கோள் அருகே கடக்கும் அந்நொடியில் ஓதமானி காட்டும் மட்டத்தையும், விண்ணிலிருந்து வந்த மட்டத்தையும் ஒப்பிட்டனர். வேறுபாடு இருப்பின் அது கருவியின் வழு. அதனைக் கண்டு திருத்தலாம். உலகையே அளக்கும் பெரிய கண்ணுக்குச் சாட்சியாக நின்றது, வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத தீவு.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால் ஹார்வெஸ்ட் என்னும் எண்ணெய்க் கிணற்று மேடை, 1992 முதலே இத்தகைய சோதனைக்குக் களமாக இருந்தது. அம்மேடையோ மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. அமிழும் மேடையில் இருக்கும் அளவுகோலுக்குக் கடல் உயர்வதாகவே தோன்றும். ஆகவே ஜி.பி.எஸ். கொண்டு மேடையின் அமிழ்வைத் தனியே அளந்து கழித்த பின்னரே அதன் சாட்சியத்தை ஏற்றனர். நம் நாட்டிலும் அதற்குச் சான்றுண்டு. வங்காளத்தின் டைமண்ட் துறைமுக ஓதமானி ஆண்டுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்வு காட்டுகிறது. கழிமுக நிலம் அமிழ்வதும் அதற்கு ஒரு காரணம் என்பர் அறிஞர்.

இவற்றைக் கேட்டபோது, யாம் அறிவியல் பாடம் கேட்பதாகத் தோன்றவில்லை. இளமையில் மதரஸாவில் கேட்ட பாடமே நினைவிற்கு வந்தது. நபிமொழி ஒன்றை ஏற்பதற்கு முன் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆய்வது நம் முன்னோர் வகுத்த நெறி. இவர் நம்பத்தக்கவரா, நினைவாற்றல் உடையவரா, தமக்கு முன்னவரை உண்மையிலேயே சந்தித்தவரா எனக் கண்ணி கண்ணியாக வினவினர். துணைக்கோள்களிலும் அதே நெறி. டோபெக்சிற்குப் பின் 2001-இல் ஜேசன், 2008-இல் அதன் இரண்டாவது, 2016-இல் மூன்றாவது, 2020-இல் சென்டினல்–6 என ஒன்றன்பின் ஒன்றாக ஏவப்பட்டன. புதியது வந்ததும் பழையதை ஓய்வு கொள்ளச் செய்வதில்லை. ஒரே தடத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, மிகக் குறுகிய இடைவெளியில், பல மாதங்கள் இரண்டும் ஒரே கடலை அளக்கும். மாணவர் ஆசிரியரைச் சந்தித்தார் என்பது உறுதியான பின்னரே தொடர் நீள்கிறது. அவ்வாறு தொடுத்த கணக்கின்படி, 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர் உயர்ந்துள்ளது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் ஓதமானிப் பதிவுகள் ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரையே காட்டின. உயர்வின் வேகம் கூடியிருப்பது உண்மை.

நம் மரக்காயர் முன்னோரும் அளந்தவர்களே. கமால் என்னும் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு, துருவ மீன் அடிவானிலிருந்து எத்தனை விரல் உயரம் நிற்கிறது எனக் கணித்து அரபுலக மாலுமிகள் கடல் கடந்தனர். அவ்விரலுக்கு இஸ்பஃ என்று பெயர். கவரத்தியும் பரங்கிப்பேட்டையும் இரு வேறு கடல்களில் இருப்பினும், கமால் பிடித்தவனுக்குத் துருவ மீன் இரண்டிடத்தும் ஒரு விரல்கூட வேறுபடாது. அன்று கடலில் நின்று வானை விரலால் அளந்தனர். இன்று வானில் நின்று கடலை அளக்கின்றனர். எம் தந்தையாரும் விரலால்தான் அளந்தார்.

மறுவாரம் கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில், அளவைக்கு முன்னதாக ஒரு வரி இருந்தது: கல்லின் உச்சியும் கொல்லை நிலைப்படியும் ஒரே மட்டம். சுவர் கட்டிய நாளில் அன்றைய கொத்தனார் பார்த்துச் சொன்னதைத் தந்தையார் எழுதி வைத்திருந்தார். வந்தவர் கண்ணாடிக் குழாயில் நீர் நிரப்பி ஒரு முனையை நிலைப்படியிலும் மறு முனையைக் கல்லிலும் பிடித்தார். நீர் இரு முனையிலும் அமர்ந்ததும் அனைவரும் குனிந்து பார்த்தோம். கல், நிலைப்படியைவிட நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. சேற்றில் நின்ற கல், முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான்கு விரற்கடை அமிழ்ந்திருக்கிறது. ஏழில் நான்கு கல்லின் குற்றம். எஞ்சியது மூன்று.

அம்மூன்றும் கடலின் உயர்வென்று எழுதிவிட இயலாது. ஓர் இரவின் ஓதம் சராசரி ஆகாது. அன்றைய காற்று, முகத்துவாரத்தின் மணல்மேடு, ஆற்றின் வரத்து ஆகியன ஒன்றிரண்டு விரலை எளிதில் கூட்டும், குறைக்கும். துணைக்கோள் அளந்தது திறந்த கடலை. எம் கல் நிற்பதோ கழியில். எனினும் வீட்டின் நிலைப்படிக்கு நீர் முன்னிலும் நெருங்கியிருக்கிறது என்பதும், அந்நெருக்கம் தமையனார் அஞ்சிய அளவில் இல்லை என்பதும் தெளிவாயின.

இதனைத் தந்தையாரிடம் சொல்ல எமக்குத் தயக்கமாக இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் நம்பிய கல்லைப் பொய்ச் சாட்சி என்று எவ்வாறு சொல்வது? சொன்னோம். அவர் சிறிது நேரம் கழியையே பார்த்திருந்தார். பின் பேனாவைக் கேட்டு வாங்கினார். 1445-ஆம் ஆண்டின் குறிப்பிற்கு அருகே, நடுங்கும் கையால் எழுதினார்: கல் நான்கு விரல் அமிழ்ந்தது, மேலே எழுதிய ஏழில் நான்கைக் கழிக்கவும். எழுதிவிட்டு, “அப்படியானால் நிலைப்படிக்குச் சாட்சி யார்?” என்று கேட்டார். எண்பத்து மூன்று வயதில் அவருக்குத் தோன்றிய வினா, எமக்குத் தோன்றியிருக்கவில்லை. அடுத்த முறை பள்ளிவாசலின் கருங்கல் படியோடும் ஒப்பிட்டுவிடுவது என முடிவு செய்தோம்.

குறிப்பேட்டில் ஒரு பக்கம் எம்மை எப்போதும் நிறுத்திவிடும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் என்று தலைப்பிட்டு, அதன் கீழ் இரண்டே சொற்கள் உள்ளன: கல் தெரியவில்லை. அன்று கடலூர் மாவட்டத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினத்திலும், பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டிலும், பரங்கிப்பேட்டையைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களிலும் அழுகுரல் ஓயவில்லை. நம் ஜமாஅத்தார் வந்தோர்க்கெல்லாம் உணவளித்தனர்; மதம் பாராது மாண்டோரை அடக்கம் செய்யத் தோள் கொடுத்தனர். அன்று டோபெக்சும் ஜேசனும் நிலநடுக்கத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்து, ஆழ்கடலில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர்ந்திருந்த அப்பேரலையைப் பதிவு செய்தன. ஆயின் அப்பதிவைப் பிரித்துப் படிக்கப் பல மணி நேரமாயிற்று. அளவை இருந்தது, அதனை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லும் வாய் இல்லை. ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007-இல்தான் ஐதராபாத்தில் அமைந்தது. அளந்து வைத்திருப்பது வேறு. அளந்ததைச் சொல்வது வேறு.

வாங்க வந்த அன்பரிடம் குறிப்பேட்டைக் கொடுத்தோம். கல்லைக் காட்டினோம், குழாய் மட்டத்தையும் அவர் கண் முன்னே வைத்துக் காட்டினோம். ஏழையும், நான்கையும், மூன்றையும், மூன்றின் ஐயத்தையும் சொன்னோம். கோடையில் கிணற்று நீர் உவர்ப்பதையும் தந்தையார் தாமே சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டு, தேநீர் அருந்தி, நன்றி கூறிச் சென்றார். பத்து நாளுக்குப் பின், வேண்டாம் என்று செய்தி வந்தது. தமையனார் அதற்குள் வெளிநாடு திரும்பியிருந்தார். தொலைபேசியில் எம்மிடம் ஒரு சொல் சொன்னார். அதனை ஈண்டு எழுத வேண்டியதில்லை. அதன்பின் பல மாதங்கள் அவர் எம்மோடு பேசவில்லை. சகோதரிகளுக்கு உரிய பங்கைப் பணமாகக் கொடுக்கும் வழியைப் பிறகு வேறு வகையில் தேடினோம். கழியை ஒட்டிய கொல்லைப் பகுதியில் புதிதாக எதுவும் கட்டுவதில்லை என்றும் முடிவாயிற்று.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மீண்டும் பராஅத் இரவு வந்தது. மஃரிபுக்குப் பின் வாயிலில் ஆட்டோ ஒன்று நின்றது. தமையனார் பெட்டியோடு இறங்கினார். யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார். இஷா முடிந்து கொல்லைக்குச் சென்றபோது, தந்தையார் நிலைப்படியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். தமையனார் எம் கையிலிருந்த விளக்கைத் தாமே வாங்கிக்கொண்டார். ஓதம் ஏறி நின்றது. யாம் குனிந்து விரலை வைத்து அளந்தோம். “சரியாகப் பார்த்துச் சொல்லும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்றார் அவர்.

அன்று கண்ட அளவை ஈண்டுக் குறிக்கவில்லை. ஓர் இரவின் எண் எதனையும் மெய்ப்பிக்காது. அது குறிப்பேட்டில், தன் வரிசையில் இருக்கிறது. அதற்கு அருகே, பள்ளிவாசல் படிக்கும் நிலைப்படிக்கும் உள்ள வேறுபாடும் இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பருவத்தில் வரும் பராஅத் இரவில், எம் மக்களோ அவர்தம் மக்களோ அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மஞ்சள் பலகையின் முன் வினவிய மாணவருக்கு யாம் கடன்பட்டுள்ளோம். தம்பி, கடல் மட்டம் என்பது பலர் பல்லாண்டு காத்திருந்து, ஒருவரை ஒருவர் சோதித்து, ஒப்புக்கொண்ட ஒரு சாட்சியம். அதில் ஒரு கண்ணி பொய்த்தாலும் எண் பொய்க்கும். கவரத்தித் தீவு துணைக்கோளுக்குச் சாட்சி; ஜி.பி.எஸ். ஏற்பி அத்தீவின் ஓதமானிக்குச் சாட்சி. நிலைப்படி எம் கல்லுக்குச் சாட்சி. நாம் கல்லூரியில் எழுதும் ஒவ்வொரு மேற்கோளுக்கும், வீட்டில் சொல்லும் ஒவ்வோர் அளவுக்கும், விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வினாவை எழுப்பிப் பழகுவோமாக. அளவையில் நேர்மையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.